கேள்வி – பதில்: தரங்கம்பாடியின் லுத்தரன் சபையும் அதன் ஆலயங்களும்

சென்ற இதழில் தரங்கம்பாடியின் டேனிஷ் கோட்டையைப் பற்றிச் சிறு குறிப்பு ஒன்றை எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர்களில் பெரும்பாலோர் கோட்டையை விட்டுவிட்டு, அதன் அருகிலுள்ள ராஜ வீதியின் ஆலயங்களைப் பற்றியே கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஒரே ஊரைப் பற்றி இத்தனை கடிதங்கள் இந்தப் பகுதிக்கு வந்ததில்லை என்பதால், இம்முறை மற்றக் கேள்விகளை ஒத்திவைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ராஜ வீதியில் இரண்டு பழைய ஆலயங்கள் அருகருகே இருக்கின்றன. ஒன்று 1701ஆம் ஆண்டைச் சேர்ந்தது, மற்றது 1718ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். இரண்டையும் லுத்தரன்களே கட்டினார்கள் என்றால், இவ்வளவு சிறிய ஊருக்கு இரண்டு எதற்கு? முதல் ஆலயம் இன்று சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வசம் இருப்பது எப்படி? (வாசகர், சீர்காழி)

பதில்: இரண்டையும் கட்டியவர்கள் லுத்தரன்கள்தாம், ஆனால் ஒரே சபையார் அல்லர். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் தரங்கம்பாடியின் பாதிக் கதை விளங்கிவிடும்.

தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனின் பிரதிநிதிகளுக்கும் இடையே 1620 நவம்பரில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி தரங்கம்பாடி டேனியர்களின் வணிகத் தலமாயிற்று. டென்மார்க்கில், மார்ட்டின் லூதரின் வழிவந்த புராட்டஸ்டன்ட் பிரிவான லுத்தரன் சமயமே அரச சமயம். ஆகவே கோட்டையில் இருந்த அதிகாரிகள், படைவீரர்கள், வணிகர்கள் ஆகியோரின் வழிபாட்டுக்காகப் போதகர்கள் அங்கிருந்தே வந்துகொண்டிருந்தார்கள். அந்த ஐரோப்பியச் சபைக்கென்று 1701இல் பிரதிஷ்டை செய்யப்பட்டதுதான் சீயோன் ஆலயம். அதில் வழிபாடு டேனிஷ் மொழியில் நடந்தது. கோட்டை எழுந்து எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், சுற்றிலும் இருந்த தமிழ் மக்களுக்கு அந்தச் சபையில் இடம் உண்டா என்ற கேள்வியை யாரும் பெரிதாக எழுப்பியதாகத் தெரியவில்லை.

அந்தக் கேள்வி 1706 ஜூலை 9ஆம் நாள் சோஃபியா ஹெட்விக் என்ற கப்பலில் வந்து இறங்கியது. பர்த்தலோமேயு சீகன்பால்க், ஹைன்ரிக் புளூச்சோ என்ற இரண்டு ஜெர்மானிய இளைஞர்களை டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக் சமயப்பணிக்காகத் தம் செலவில் அனுப்பிவைத்திருந்தார். மறு ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் அவர்கள் முதன்முதலாக ஐவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அந்த ஐவரும் ஐரோப்பியர் வீடுகளில் இருந்த அடிமைகள். சடங்கு நடந்த இடம் சீயோன் ஆலயம். எசமானர்களும் அடிமைகளும் ஒரே கூரையின் கீழ் வழிபடுவது என்பது ஞானஸ்நானத்தன்று சாத்தியமாயிற்று. வாராவாரம் அது நடக்கக்கூடியதாக இல்லை. மொழி வேறு, நேரம் வேறு, ஊர் அதிகாரிகளின் முகச்சுளிப்பு வேறு. தமிழ்ச் சபைக்குத் தனியிடம் தேவைப்பட்டதற்கு இதுவே காரணம்.

கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு வருகிறேன். 1845இல் டென்மார்க் தன் இந்தியக் குடியேற்றங்களான தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சீராம்பூரையும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றது. சீயோன் ஆலயம் ஆளுவோரின் ஆலயமாக இருந்ததால், ஆளுவோர் மாறியபோது அதுவும் கைமாறி, இங்கிலாந்துத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபைக்குச் சென்றது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதனோடு இணைந்தது. 1718ஆம் ஆண்டின் புதிய எருசலேம் ஆலயம், சீகன்பால்க்கும் புளூச்சோவும் தொடங்கிய மிஷனுக்கு, அதாவது சமயப்பணி அமைப்புக்கு, உரியது. அது லுத்தரன்களிடமே தங்கியது. ஒரே வீதியில் இரண்டு பலகைகள் தொங்குவதன் காரணம் இவ்வளவே.

கேள்வி: சீகன்பால்க் கட்டிய முதல் ஆலயம் 1718ஆம் ஆண்டு ஆலயம் அன்று, அதற்கு முன்பே ஒன்று இருந்தது என்று எங்கள் ஊர்ப் போதகர் சொன்னார். அது எங்கே போயிற்று? (வாசகி, நாகப்பட்டினம்)

பதில்: உங்கள் போதகர் சொன்னது சரியே. 1707 ஜூன் 14ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டு, அதே ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் நாள் பிரதிஷ்டை செய்யப்பட்ட எருசலேம் ஆலயமே முதலாவது. இரண்டே மாதத்தில் கட்டி முடித்தார்கள் என்பதிலிருந்தே அது எவ்வளவு எளிய கட்டடமாக இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். மன்னரின் உதவித்தொகை ஒழுங்காகக் கைக்கு வந்து சேராத காலம் அது. தங்கள் சம்பளப் பணத்தைக் கொண்டே அந்த இருவரும் வேலையைத் தொடங்கினார்கள்.

அந்த ஆலயத்தில் தமிழிலும் போர்த்துக்கீசிய மொழியிலும் வழிபாடு நடந்தது. போர்த்துக்கீசியம் எங்கிருந்து வந்தது என்று சிலர் வியக்கக்கூடும். அக்காலத்தில் கடற்கரை ஊர்களில் ஐரோப்பியரும் அவர்களிடம் வேலை செய்தோரும் கலப்பு மரபினரும் தமக்குள் பேசிக்கொள்ளப் பயன்பட்ட பொது மொழி அதுதான். ஆகவே இந்தச் சபை பிறக்கும்போதே இருமொழிச் சபையாகப் பிறந்தது. ஆலயம் திறந்த சில வாரங்களில், செப்டம்பர் 5ஆம் நாள், தமிழர் ஒன்பது பேர் அங்கே ஞானஸ்நானம் பெற்றார்கள்.

தமிழ் கற்பதற்காகச் சீகன்பால்க் திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரை வரவழைத்து, சிறுபிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார் என்பது பலரும் அறிந்த செய்தி. அதைவிடக் குறைவாகப் பேசப்படுவது, பிரதிஷ்டை முடிந்து ஓராண்டுக்குச் சற்றுப் பின்னர் அவர் பட்ட பாடு. டேனிஷ் கம்பெனியின் தளபதியாக இருந்த ஹாசியஸ் 1708 நவம்பரில் அவரைப் பிடித்துக் கோட்டையில் அடைத்துவைத்தார். நான்கு மாதங்கள் கழித்து, 1709 மார்ச்சில்தான் அவர் வெளியே வந்தார். அனுப்பிவைத்தவர் டென்மார்க் மன்னர், சிறையில் அடைத்தவர் டென்மார்க் கம்பெனியின் அதிகாரி. மிஷனும் வணிகமும் ஒரே கொடியின் கீழ் ஒன்றாக வந்தன என்று பொதுவாக எழுதிவிடுகிறவர்கள் இந்த நான்கு மாதங்களை மறந்துவிடுகிறார்கள்.

அந்த ஆலயம் கடலுக்கு மிக அருகில் இருந்தது. கடல் அரிப்புக்கு அது இரையாயிற்று. தரங்கம்பாடியில் இது புதுமையன்று. கல்வெட்டுகளில் சடங்கன்பாடி என்று குறிக்கப்படும் இவ்வூரில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியையும் இதே கடல்தான் கொண்டுபோயிற்று. கருங்கல்லால் எழுந்த கோயிலுக்கே அந்த நிலை என்றால், இரண்டு மாதத்தில் கட்டிய ஆலயத்துக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த ஆலயத்தை ஊருக்குள்ளே, ராஜ வீதியில் கட்டியதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: புதிய எருசலேம் ஆலயம் இந்தியாவின் முதல் புராட்டஸ்டன்ட் தேவாலயம் என்று ஒரு சுற்றுலாக் கையேட்டில் படித்தேன். உண்மையா? (வாசகர், திருவாரூர்)

பதில்: இல்லை. சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயம் 1680இலேயே திறக்கப்பட்டது. தரங்கம்பாடியிலேயே சீயோன் ஆலயம் பதினேழு ஆண்டுகள் மூத்தது. ஆனால் இவை ஐரோப்பியர் தமக்காகக் கட்டிக்கொண்டவை. இந்தியர்களின் புராட்டஸ்டன்ட் சபை ஒன்றுக்காகக் கட்டப்பட்டு இன்றும் வழிபாட்டில் உள்ள ஆலயங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று என்று எழுதியிருந்தால் கையேட்டில் குறை சொல்ல இடமிருந்திருக்காது.

கேள்வி: புதிய எருசலேம் ஆலயம் சிலுவை வடிவில் இருப்பதற்குச் சாதிப் பிரிவினையே காரணம், ஒவ்வொரு கைக்கும் ஒவ்வொரு சாதி என்று திட்டமிட்டே கட்டினார்கள் என்று ஒரு கூட்டத்தில் பேசக் கேட்டேன். வேறொருவர் இதை முற்றிலும் மறுத்தார். யார் சொல்வது சரி? (வாசகர், மயிலாடுதுறை)

பதில்: இருவரும் தலைக்குப் பாதி சரி.

கட்டடத்தை முதலில் பார்ப்போம். 1717 பிப்ரவரி 9ஆம் நாள் அடிக்கல். 1718 அக்டோபர் 11ஆம் நாள் பிரதிஷ்டை. முகப்பில் மன்னர் நான்காம் பிரெடெரிக்கின் பெயரெழுத்து முத்திரை கிரீடத்தோடும், 1718 என்ற ஆண்டோடும் இன்றும் தெளிவாகத் தெரிகிறது. கைகள் ஏறத்தாழ ஒத்த நீளமுள்ள சிலுவை வடிவத் தரைப்படம், வட ஐரோப்பிய லுத்தரன் நாடுகளில் அக்காலத்தில் வழக்கத்தில் இருந்ததுதான். லுத்தரன் வழிபாட்டில் பிரசங்கத்துக்கு முதலிடம் உண்டு; எல்லாத் திசையிலிருந்தும் பிரசங்க மேடைக்கு அருகில் மக்கள் அமர இந்த வடிவம் வசதியானது. ஆகவே இந்த வடிவத்தின் பிறப்பிடம் தமிழ்ச் சாதி அமைப்பு என்று கூறுவது பொருந்தாது.

ஆனால் கட்டடம் எதற்காகக் கட்டப்பட்டது என்பது ஒன்று, அதற்குள் மக்கள் எப்படி அமர்ந்தார்கள் என்பது மற்றொன்று. முதல் எருசலேம் ஆலயத்திலேயே, ஐரோப்பிய உடை அணிந்த இந்தியர்கள் பெஞ்சுகளில் அமர்ந்தார்கள். தமிழ் உடை அணிந்தவர்கள் பாய்களிலும் தரையிலும் அமர்ந்தார்கள். அது உடையையும் வாழ்க்கை முறையையும் ஒட்டிய பிரிவு என்று ஒருவர் சமாதானம் சொல்லக்கூடும். பின்னர் வேளாளர் முதலிய சாதியாரும் பறையர் சமூகத்தாரும் சிறு இடைவெளி விட்டுத் தனித்தனியே அமரும் வழக்கம் சபைக்குள் நிலைபெற்றுவிட்டபோது, அந்தச் சமாதானத்துக்கு இடமில்லாமல் போயிற்று. மிஷனரிகளில் சிலர் இதைக் கண்டித்தார்கள். பலர், பந்தியில் பரிமாறும் ஒழுங்கைப் போல இது வெறும் உலக வழக்கம், விசுவாசத்தைத் தொடுவதில்லை என்று சொல்லித் தங்களைத் தேற்றிக்கொண்டார்கள். சிலுவையின் கைகள் சாதிக்காகக் கட்டப்படவில்லை; ஆனால் சாதி வந்து அமர்ந்துகொள்ள அவை தோதாக இருந்தன. கூட்டத்தில் பேசியவர் கட்டட வரலாற்றில் தவறினார். மறுத்தவர் சபை வரலாற்றில் தவறினார். இரண்டில் பின்னவரின் தவறே பெரிது என்பது என் கருத்து.

கேள்வி: முதல் தமிழ்ப் போதகர் ஆரோனைப் பற்றிச் சில வரிகள் எழுத வேண்டும். (வாசகி, கடலூர்)

பதில்: கடலூரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மகிழ்ச்சி, ஏனெனில் ஆரோன் உங்கள் ஊர்க்காரர். வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். புதிய எருசலேம் ஆலயம் திறந்த 1718ஆம் ஆண்டிலேயே ஞானஸ்நானம் பெற்றார். குருப்பட்டம் இல்லாமல் சபையில் போதிக்கும் உபதேசியாராகப் பல ஆண்டுகள் உழைத்த பிறகு, 1733 டிசம்பர் 28ஆம் நாள் தரங்கம்பாடியில் அவருக்குக் குருப்பட்டம் கொடுக்கப்பட்டது. இந்திய லுத்தரன்களில் குருப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே. மாயவரத்தைச் சுற்றிய கிராமச் சபைகளை அவர் பொறுப்பில் விட்டார்கள். 1745இல் அவர் காலமாகும்வரை அந்தப் பொறுப்பு நீடித்தது. அவருக்கு அடுத்து 1741இல் தியோகு என்பவர் குருப்பட்டம் பெற்றார்.

ஆரோனைப் பற்றி எழுதுகிறவர்கள் இராஜநாயக்கனையும் சேர்த்து எழுதுவதே நியாயம். தஞ்சை மன்னரின் படையில் வீரராக இருந்த அவர், பறையர் சமூகத்தில் ரோமன் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தரங்கம்பாடியில் 1714இல் அச்சான நற்செய்திகளையும் அப்போஸ்தலர் நடபடிகளையும் கொண்ட புத்தகம் அவர் கைக்கு எட்டியது. அதைப் படித்தே அவர் லுத்தரன் சபைக்கு வந்தார். அச்சுப் புத்தகம் ஒன்று, மிஷனரியின் கால் படாத இடத்துக்குச் சென்று ஒருவரைச் சபைக்குள் அழைத்துவந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று அந்தக் காலத்தில் இல்லை. ஐரோப்பிய மிஷனரிகள் தஞ்சை நாட்டுக்குள் எளிதில் நுழைய முடியாதிருந்த ஆண்டுகளில் அங்கே சபையை வளர்த்தவர் அவர்தான். அவருக்குக் குருப்பட்டம் கொடுப்பது பற்றிப் பேச்சு எழுந்தது. அவர் கையிலிருந்து நற்கருணை வாங்கச் சாதிக் கிறிஸ்தவர்கள் உடன்பட மாட்டார்கள் என்ற காரணத்தால் அது கைவிடப்பட்டது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உழைத்தும் அவர் உபதேசியாராகவே 1771இல் காலமானார். முந்தைய கேள்வியில் சொன்ன அமரும் ஒழுங்கு விசுவாசத்தைத் தொடவில்லை என்ற வாதம் எங்கே உடைந்தது என்பதை இந்த ஒரு மனிதரின் வாழ்க்கையே காட்டிவிடுகிறது.

கேள்வி: பொறையாரில் இருக்கும் பெத்லகேம் ஆலயமும் இதே மிஷனைச் சேர்ந்ததா? இவ்வளவு அருகில் இன்னொன்று ஏன்? (வாசகர், பொறையார்)

பதில்: ஆம், இதே மிஷன்தான், 1746ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தூரத்தை நாம் இன்று பேருந்தில் போகிறவர் கணக்கில் பார்க்கிறோம். அன்று தரங்கம்பாடி மதிலும் வாயிலும் கொண்ட ஊர். சபையில் சேர்ந்தவர்களில் பெரும்பகுதியினரோ ஊருக்கு வெளியே கிராமங்களில் வாழ்ந்த உழவர்களும் கூலியாட்களும். ஆலயம் மதிலுக்குள்ளே, சபையார் மதிலுக்கு வெளியே என்ற நிலை எத்தனை நாளைக்குச் சரிப்படும்? சபை வளர்ந்த திசையை நோக்கி ஆலயம் நகர்ந்தது என்று இதைச் சொல்லலாம். சீகன்பால்க் காலத்திலேயே அச்சகத்துக்குத் தேவையான காகிதத்துக்காக ஆலை ஒன்றைப் பொறையாரில்தான் அமைக்க முயன்றார்கள் என்பதையும் உங்கள் ஊர்ப் பெருமையில் சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: சுவார்ட்ஸ் ஐயர் தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்த லுத்தரன் என்கிறார்கள். ஆனால் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் அவர் கட்டிய ஆலயங்கள் சி.எஸ்.ஐ. ஆலயங்களாக இருக்கின்றன. லுத்தரன்கள் அவற்றை எப்படி இழந்தார்கள்? கூடவே ஒரு சந்தேகம்: ஜெர்மானியரை ஏன் ‘ஐயர்’ என்கிறோம்? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். தலைவர், மரியாதைக்குரியவர், ஆசான் என்ற பழைய பொருளில் ‘ஐயர்’ என்ற சொல்லைத் தமிழ்ப் புராட்டஸ்டன்ட் சபைகள் போதகருக்கு வழங்கின. இன்றும் கிராமச் சபைகளில் போதகரை ஐயர் என்றே அழைக்கிறார்கள்; சாதிப் பெயரோடு அதற்குத் தொடர்பில்லை.

கிறிஸ்டியன் பிரெடெரிக் சுவார்ட்ஸ் 1750இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். திருச்சிக் கோட்டைப் பகுதியில் அவர் முயற்சியால் எழுந்த கிறிஸ்து ஆலயம் 1766ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தஞ்சைச் சிவகங்கைக் குளத்தருகே உள்ள ஆலயம் 1779ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பின்னதில், இரண்டாம் சரபோஜி மன்னர் தம் ஆசானான சுவார்ட்ஸின் நினைவாக இங்கிலாந்துச் சிற்பி ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு செய்வித்த பளிங்குச் சிற்பம் இருக்கிறது.

இந்த ஊர்கள் டேனிஷ் எல்லைக்கு வெளியே இருந்தன. அங்கே நடந்த பணிக்கு ஆட்கள் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்தார்கள்; செலவில் பெரும்பகுதி லண்டனில் இருந்த ஆங்கிலிக்கன் சங்கம் ஒன்றிலிருந்து வந்தது. லுத்தரன் போதகர், ஆங்கிலிக்கன் பணம், தமிழ்ச் சபை என்ற இந்த ஏற்பாடு சுவார்ட்ஸ் 1798இல் மறையும்வரை யாருக்கும் உறுத்தவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறந்ததும் நிலைமை மாறியது. ஐரோப்பாவில் பகுத்தறிவுவாதம் பரவிய காலத்தில் ஹாலேயின் பழைய பக்தி ஊக்கம் தணிந்து, புதிய மிஷனரிகள் வருவது குறைந்தது. நெப்போலியப் போர்களின்போது 1808 முதல் 1815 வரை தரங்கம்பாடியே ஆங்கிலேயர் கையில் இருந்தது. 1820களில் லண்டன் சங்கம் தன் பொறுப்பிலிருந்த சபைகளை மற்றோர் ஆங்கிலிக்கன் மிஷன் சங்கத்திடம் ஒப்படைத்தது. ஆட்கள் இல்லாத லுத்தரன் மிஷனால் அதைத் தடுக்க முடியவில்லை. ஹாலே மரபின் கடைசி மிஷனரியான கெம்மரர் 1837இல் தரங்கம்பாடியில் காலமானபோது, ஒரு காலத்தில் திருநெல்வேலிவரை கிளை பரப்பியிருந்த மிஷன் அது தொடங்கிய கடற்கரைப் பகுதிக்குள் சுருங்கிக் கிடந்தது. இழந்தது சண்டையில் அன்று. சம்பளம் கொடுத்தவர் பெயரில் வீடு பதிவாகிப்போன கதைதான்.

கேள்வி: அப்படியானால் தஞ்சையிலும் திருச்சியிலும் சென்னையிலும் இன்று இருக்கும் லுத்தரன் சபைகள் எப்போது தோன்றின? (வாசகி, திருச்சிராப்பள்ளி)

பதில்: இது இரண்டாவது பிறப்பு. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் 1836இல் தோன்றி, 1848இல் லைப்சிக்குக்கு இடம்மாறிய லுத்தரன் மிஷன், கோர்டெஸ் என்ற இளம் போதகரை அனுப்பியது. அவர் 1841இல் தரங்கம்பாடி வந்தார். நான்கு ஆண்டுகளில் ஊரே விலைபோகப்போகிறது என்பது அன்று யாருக்கும் தெரியாது. விற்பனை நடந்தபோது லுத்தரன் மிஷனரி ஒருவர் அங்கே இருந்ததும், புதிய எருசலேம் ஆலயமும் மிஷன் நிலங்களும் லைப்சிக் மிஷன் கைக்கு வந்ததும் தற்செயல்தான் என்றாலும், அந்தத் தற்செயல் இல்லையேல் சீகன்பால்க்கின் ஆலயமும் சீயோன் ஆலயத்தின் வழியிலேயே போயிருக்கும்.

ஆனால் இந்தச் சபைகள் விரைந்து வளர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. நூற்றாண்டு மலர்களில் அதைச் சற்று மெல்லிய குரலில்தான் எழுதுவார்கள். சபைக்குள் சாதி வேறுபாட்டுக்கு இடமில்லை, எல்லாரும் ஒன்றாக அமர்ந்து ஒரே பாத்திரத்தில் நற்கருணை பெற வேண்டும் என்று 1833இல் ஆங்கிலிக்கன் அத்தியட்சர் (பேராயர்) டேனியல் வில்சன் ஆணையிட்டார். சென்னை வேப்பேரி, தஞ்சை, திருச்சி ஆகிய இடங்களில் வேளாளக் கிறிஸ்தவர்களில் பலர் இதை ஏற்காமல் வெளியேறினார்கள். வெளியேறியவர்களில் ஒரு பகுதியினருக்குச் சில ஆண்டுகளில் வந்து சேர்ந்த லைப்சிக் மிஷன் புகலிடமாயிற்று. சாதியை உடனே ஒழிப்பது முடியாது, சபைக்கல்வியால் படிப்படியாகவே அது மறைய வேண்டும் என்பது லைப்சிக் மிஷனின் நிலை. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் 1849 முதல் 1853 வரை இந்தியாவில் தங்கி, இந்த நிலையை நியாயப்படுத்தி எழுதினார். திருக்குறளை ஜெர்மன் மொழியிலும் இலத்தீனிலும் பெயர்த்த அதே கிரவுல்தான். நம் இலக்கியத்தை இவ்வளவு நேசித்தவர் நம் சமூகத்தின் நோயையும் நம் பண்பாட்டின் ஒரு கூறாக எடுத்துக்கொண்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

மிஷனுக்குள்ளேயே எதிர்ப்பு இல்லாமல் இல்லை. கார்ல் ஓக்ஸ் என்ற மிஷனரி இந்தக் கொள்கையோடு ஒத்துப்போக முடியாமல் விலகி, கடலூருக்கு அருகே மேல்பட்டாம்பாக்கத்தில் டேனிஷ் ஆதரவோடு தனிப்பணி தொடங்கினார். இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தொடக்கம் அது. லைப்சிக் மிஷனிலிருந்து பிரிந்த வேறு இருவர் 1895இல் கிருஷ்ணகிரியில், அமெரிக்காவின் மிசோரி லுத்தரன்களின் ஆதரவில் பணி தொடங்கினார்கள். அந்தக் கிளை பிறகு நாகர்கோவிலில் வேரூன்றி இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாக வளர்ந்தது. தமிழ்நாட்டில் லுத்தரன்கள் ஏன் மூன்று திருச்சபைகளாக இருக்கிறார்கள் என்று கேட்டிருந்த வேறொரு வாசகருக்கும் இதுவே பதில்.

கேள்வி: தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் பேராயர் தரங்கம்பாடியின் பெயரைத் தாங்கியிருந்தும் திருச்சியில் இருப்பது ஏன்? (வாசகர், கும்பகோணம்)

பதில்: முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மானிய மிஷனரிகள் ஆங்கிலேய அரசுக்குப் பகை நாட்டவர் ஆனார்கள்; அவர்கள் பணியைத் தொடர முடியவில்லை. ஏற்கெனவே உடனுழைத்து வந்த ஸ்வீடன் திருச்சபையின் மிஷன் பொறுப்பைத் தாங்கியது. அந்த நெருக்கடியிலிருந்தே 1919 ஜனவரி 14ஆம் நாள் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தன்னாட்சியுள்ள சபையாக உருவாயிற்று. 1921இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஹ்யூமன் முதல் அத்தியட்சர் ஆனார். அதற்குள் சபைகள் சென்னை முதல் மதுரை, கோயம்புத்தூர்வரை பரவிவிட்டதால், இரயில் வசதியுள்ள திருச்சி நிர்வாகத்துக்கு ஏற்றதாயிற்று. தரங்கம்பாடி பெயராக நின்றது. முதல் தமிழ் அத்தியட்சர் ராஜா மாணிக்கம் 1956 ஜனவரி 14ஆம் நாள் பட்டாபிஷேகம் பெற்றார். ஆரோன் குருப்பட்டம் பெற்றதிலிருந்து கணக்கிட்டால் இருநூற்று இருபத்திரண்டு ஆண்டுகள். தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவானபோது இந்தத் திருச்சபை அதில் சேரவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: 2004 சுனாமியில் புதிய எருசலேம் ஆலயம் சேதமடைந்ததா? சீகன்பால்க்கின் கல்லறை உள்ளே இருக்கிறது என்கிறார்கள், பார்க்க முடியுமா? (வாசகி, காரைக்கால்)

பதில்: அந்தப் பேரலையில் தரங்கம்பாடியின் மீனவர் குடியிருப்பு பெரும் உயிரிழப்பைச் சந்தித்தது. ஊருக்குள் தள்ளியிருந்த ஆலயம் தப்பி நின்றது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2006இல், மிஷனின் முந்நூறாம் ஆண்டு விழாவை அதே ஊரில் கொண்டாடினார்கள். சீகன்பால்க் வாழ்ந்த வீடும் இப்போது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டிருக்கிறது.

கல்லறை உள்ளேதான் இருக்கிறது. ஆலயம் பிரதிஷ்டையாகி ஐந்து மாதங்கள்கூட நிறையாத நிலையில், 1719 பிப்ரவரி 23ஆம் நாள் சீகன்பால்க் தம் முப்பத்தாறாம் வயதில் காலமானார். பீடத்துக்கு முன்பாக, ஒரு பக்கத்தில் அவரையும், மறு ஆண்டு மார்ச்சில் மறைந்த அவருடைய உடன் ஊழியர் கிரண்ட்லரை மறு பக்கத்திலும் அடக்கம் செய்திருக்கிறார்கள். ஆலயம் இன்றும் வழிபாடு நடக்கும் இடம் என்பதால், ஞாயிறு காலை போனால் ஆராதனை முடியும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும். மற்ற நாட்களில் கதவு பூட்டியிருந்தால் அருகில் கேட்டுப் பாருங்கள். உள்ளே போனதும் நேரே பீடத்தை நோக்கி நடந்து, நற்கருணை வாங்கச் சபையார் முழங்காற்படியிடும் இடத்தருகே நின்று பார்த்தால் இரண்டு கல்லறைகளும் ஒரே பார்வையில் தெரியும்.